அத்தை கையிலிருந்த நாலெழுத்து

உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காப்பி போட்டுக் குடியுங்கள். நம் வயதில் அவசரமாகச் சொல்லித் தீர வேண்டியது ஒன்றும் இல்லை. போன வாரம் நம் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தோமே, அப்போது நம்மில் ஒருத்தி தன் பேத்தி தோளில் ஒரு பூவைக் குத்திக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். "இனிமே இவள யாரு கட்டிக்குவா?" என்றாள். நீங்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னீர்கள். நான் பேசாமல் இருந்தேன். யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டதும் எனக்கு எங்கள் மாமா ஞாபகம் வந்துவிட்டது. அவர் கட்டிக்கொண்டார். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகள் எங்களுடையவை. அடுத்த அறையில் பால்காரர் குடும்பம். சமையற்கட்டு இரண்டு வீட்டுக்கும் பொது. கீழே மாவு மில். மிளகாய் அரைக்கிற நாளில் மாடி முழுக்கத் தும்மல்தான். மல்லி அரைக்கிற நாளில் பசிக்கும். மழைக்காலத்தில் கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டு ரகசியங்கள் எல்லாம் மழை நாளில்தான் தெருவுக்குப் போயின.

அப்பாவுக்கு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சீர்திருத்தக் கூட்டங்களில் பேசுவார். சாதி வேண்டாம், சடங்கு வேண்டாம், விதவைகள் மறுமணம் செய்ய வேண்டும். பேசும்போது வலது கையை உயர்த்துவார். அந்த விரல்நுனிகள் மசியில் கறுத்திருக்கும். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா மேடைக்கு எழுதிக்கொண்டு போவார். அம்மா அடுப்படியில் எழுதாமலே பேசுவாள். எனக்குத் தெரிந்த பழமொழியில் பாதி அம்மா சொன்னது, மீதி பால்காரர் மனைவி சொன்னது. அப்பாவின் பேச்சிலிருந்து ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை, பாவம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் இருந்தார். பட்டறை அப்போது வெள்ளைக்காரன் கையில் இருந்தது. கப்பலுக்கு வெளியே கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று பெயின்ட் அடிக்கிற வேலை. பலகைக்கு இரண்டு பேர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் மாடிப்படி ஏறும்போதே டர்பன்டைன் வாசனை முன்னால் வந்துவிடும். நகக்கண்ணில் எப்போதும் சாம்பல் நிறம். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அவரோடு பலகையில் நின்ற நண்பர் கயிறு வழுக்கி விழுந்து செத்துப்போனார். அதிலிருந்து மாமா வந்தால் சாப்பிடுவார், படுப்பார், போய்விடுவார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, நான் ஒருத்தியக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

அம்மா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "யாரு வீட்டுப் பொண்ணு?"

"அவன் பொண்டாட்டி."

"எவன் பொண்டாட்டிடா?"

"செத்துப்போனானே, அவன்."

நண்பரின் பெயரை அவர் சொல்லவில்லை. செத்த நாளிலிருந்தே அவர் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "மாப்பிள்ள, நாங்க மேடையில பேசுறோம். நீ செஞ்சு காட்டுற."

"ஒங்களுக்கு எழவு வீட்லயும் மேட வேணும்," என்றாள் அம்மா. இரண்டு நாள் அடுப்போடு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள், "செத்த பையன் நம்ம வீட்ல வந்து சாப்பிட்டிருக்கான். வெச்சத ஒதுக்காமச் சாப்பிடுவான். அப்பேர்ப்பட்டவன் பொண்டாட்டி நல்லவளாத்தான் இருப்பா. வரச் சொல்லு," என்றாள்.

எங்கள் அம்மாவின் சோதனை எல்லாம் இலையோடு சரி.

அத்தை தன் அண்ணனோடு வந்தாள். அன்றைக்கு இன்னும் அத்தை ஆகவில்லை, ஆனாலும் எனக்கு முதல் நாளிலிருந்தே அத்தைதான். கறுத்த, ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் கனமாக இருக்கும். கணவன் போனபிறகு, பட்டறை ஆட்களுக்கு நேவல் பேஸில் கொடுத்திருந்த லைன் வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். மழை நின்ற புழுக்கத்திலும் முந்தானையை இடது கைமேல் இழுத்து மூடியே உட்கார்ந்திருந்தாள். அம்மா கொடுத்த பீங்கான் கோப்பையை ஒற்றைக் கையால் வாங்கியதை அம்மா கவனித்தாள். பால்காரர் மனைவி, கதவிடுக்கில் நின்று, அதைவிட நன்றாகக் கவனித்தாள்.

என் சடை அவிழ்ந்து கிடந்தது. "வா கண்ணு, பின்னி விடுறேன்," என்று என்னை முன்னால் உட்கார வைத்தாள். கையில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தாள். சடை பின்ன இரண்டு கையும் வேண்டுமே. முந்தானை நழுவியது. கண்ணாடிக்குள் பச்சை எழுத்துகள் வலம் இடம் மாறித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே சின்னதாக ஒரு படம். அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

"அத்த, ஒங்க கையில நங்கூரம் இருக்கு," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அத்தை மறைக்க முயலவில்லை. கேட்டால் சொல்லிவிடுகிற ஆள் என்று அப்போதே தெரிந்தது.

"கல்யாணமான புதுசுல குத்துனது அண்ணி," என்றாள் அம்மாவிடம். "பட்டற கேட்டுக்கு வெளிய ஒரு சீனக் கெழவர் கட. கப்பக்காரங்களுக்குக் குத்துறவரு. அவங்க தம் பேர ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாங்க. அவருக்குத் தமிழ் தெரியாது. பாத்துப் பாத்துப் பூ வரையிற மாதிரி வரஞ்சாரு. நாலெழுத்துக்கு ஒரு நங்கூரம் சும்மான்னாரு. வேணாம்னு சொல்லத் தெரியல."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். நம் அம்மாமார் புருஷன் பெயரை வாயால் சொன்னார்களா? கார்த்திகை என்ற பெயர்க்காரனைக் கட்டினவள் அந்த மாதத்தையே "ஐப்பசிக்கு அடுத்தது" என்பாள். செத்த பிறகும் அந்த மரியாதை போகாது. அத்தை வாயால் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

அவர்கள் படியிறங்கியதும் சமையற்கட்டில் கூட்டம் கூடியது.

"பொம்பளைங்க பச்ச குத்துறது புதுசா?" என்றாள் அம்மா. "கோலம் குத்துவாங்க, தேள் குத்துவாங்க. நங்கூரத்த எவ குத்துவா? கப்பக்காரன் எறங்குற எடத்துல நிக்கிறவ குத்துவா."

பால்காரர் மனைவியின் முன்கையிலேயே ஒரு தேள் உண்டு. அதைத் தடவிக்கொண்டு, "நங்கூரத்த விடுங்கக்கா. பேரப் பாருங்க. செத்தாக் கூட வர்றது பச்ச ஒண்ணுதான்னு சொல்லுவாங்க," என்றாள்.

அம்மாவின் முகம் மாறியது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு அப்போதுதான் அந்தப் பயம் வந்தது.

"அப்ப கையில ஒருத்தன் பேரு, கழுத்துல ஒருத்தன் தாலி. இவ மேல போனதும் எவன் வந்து கூட்டிக்கிட்டுப் போவான்? பேரு உள்ளவன்தான் வருவான். எந்தம்பி அங்கயும் தனியா நிக்கணுமா?"

அப்பா மேலுலகத்தை நம்பாதவர். ஆனால் அவருக்கும் காரணம் கிடைத்தது. "பச்சை குத்துறதே மூடப்பழக்கம். எழுத்து இருக்க வேண்டிய எடம் காகிதம்," என்றார். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போனது அபூர்வம். அந்த வருஷம் ஒத்துப்போனது அத்தையின் கை விஷயத்தில்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. என்னைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் ஒரு சீனர், மூன்று சக்கர டிரைஷா மிதிப்பவர். வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு மிதிப்பார். முதுகு முழுக்க ஒரு புலி. மிதிக்க மிதிக்கப் புலி நடக்கும். குண்டர் கும்பலில் இருந்தவர் என்று தெருவே சொன்னது. மழை வந்தால் தன் படுதாவை எனக்குப் போர்த்திவிட்டு அவர் நனைவார். அந்தப் புலியை நம்பிப் பெற்ற பிள்ளையை ஏற்றிவிட்ட அம்மாவுக்கு, கட்டைவிரல் அளவு நங்கூரத்தை நம்ப முடியவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அப்போதெல்லாம் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்ததே, நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக ஊறும். அதை அப்பாவின் மேசையிலிருந்து எடுத்து என் இடது கையில் ஒரு நங்கூரம் போட்டேன். நாக்கும் உதடும் ஊதா. நங்கூரம் பார்க்கக் கோழிக்கால் போல வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தார். வீட்டில் அம்மா தேங்காய் நாரால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "பாத்தீங்களா, வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள நங்கூரம் வந்துருச்சு," என்று அழுதாள். அன்றைக்கு ராத்திரியே பால்காரர் மனைவியிடம் பச்சையை அழிக்க வழி கேட்டிருக்கிறாள்.

வழி இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பும் சலவைக்காரமும் குழைத்து வைத்துக் கட்டினால் தோலோடு பச்சை உரிந்து வரும், புண் ஆறினால் சுத்தமாகிவிடும் என்றாள் பால்காரர் மனைவி. யாருக்கு அப்படி ஆறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் மூலம் அத்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாமாவுக்குச் சொல்லவில்லை.

மாமா வேலையில் இருக்கிற ஒரு புதன்கிழமை பகலில் அத்தை தனியாக வந்தாள். "சரிங்க அண்ணி," என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் சோறு தின்ன முடியும்? புதிதாக ஒரு வீடு கதவைத் திறக்கிறது. அதற்கு வாசலில் கையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றால், கழற்றத்தானே செய்வாள்.

சமையற்கட்டுத் தரையில் உட்கார வைத்தார்கள். மில்லில் அன்றைக்கு மஞ்சள் அரைத்தார்கள். அந்த வாசனை இப்போதும் எனக்கு ஆகாது. அம்மா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என் கையில் ஓலை விசிறியைக் கொடுத்தார்கள்.

"கீழேருந்து ஆரம்பிப்போம். மொதல்ல இந்த நங்கூரம்," என்றாள் பால்காரர் மனைவி.

வைத்த கொஞ்ச நேரத்தில் அத்தை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. சத்தம் இல்லை. நான் விசிறிக்கொண்டே இருந்தேன். வேகிற தோலில் ஒரு நாற்றம் வரும், அதை எழுத வேண்டாம். வழித்து எடுத்தபோது நங்கூரம் இருந்த இடம் வெளுத்துக் குழிந்திருந்தது.

"இப்ப பேரு," என்று பால்காரர் மனைவி கரண்டியில் அள்ளினாள்.

"அண்ணி," என்றாள் அத்தை. "ஒரே ஒரு நிமிசம். பாப்பாவுக்குப் படிக்கத் தெரியும்ல?"

"தெரியும். எதுக்கு?"

"ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க. எனக்கு வாயால சொல்ல வராது. இப்ப யாரும் சொல்றதும் இல்ல. போறதுக்கு முன்னாடி காதால ஒரு தடவ கேட்டுக்குறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, படி என்றும் சொல்லவில்லை. நான் குனிந்து அத்தையின் கையில் எழுத்துக் கூட்டினேன். தமிழ் தெரியாதவர் வரைந்தது, ஆனாலும் நம் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, திருத்தமாக நின்றது. ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு சேர்த்து, உரக்கப் படித்தேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். வலியில் இறுகியிருந்த முகம் அப்படியே தளர்ந்தது. தூங்குகிற பிள்ளைக்கு ஜுரம் விட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம். "போதும் கண்ணு," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். "வைங்க."

பால்காரர் மனைவியின் கரண்டி கிட்டே வந்தது. அம்மா அதைத் தட்டிவிட்டாள். சுண்ணாம்பு சுவரில் தெறித்தது.

"எடு அத. கொண்டுபோய்க் காவாயில கொட்டு. மனுசி கையா, மரக்கட்டையா இது?"

"நீங்கதானேக்கா கேட்டீங்க?"

"கேட்டா நீ குடுத்துருவியா? நான் கெணத்துல விழுறேன்னா கயிறு குடுப்பியா?"

குழாயைத் திறந்து, தண்ணீருக்கு அடியில் அத்தையின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. பிறகு நல்லெண்ணெய் தடவி, தன் பழைய மெல்லிய நூல்புடவையைக் கிழித்துக் கட்டினாள். அன்றைக்கு அத்தைக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்து ஊட்டினாள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

சனிக்கிழமை மாமா வந்தார். அத்தையின் கையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது அவர் படியேறிய சத்தத்திலேயே தெரிந்தது. கத்தவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அம்மாவுக்கு அது அடி மாதிரி.

"ஒனக்காகத்தாண்டா," என்றாள்.

"அக்கா, பலகையில ரெண்டு பேரு நிப்போம். கயித்த எறக்கணும்னா அவன் பேரச் சொல்லிக் கத்துவேன். ஒரு நாளைக்கு எத்தன வாட்டி கத்தியிருப்பேன், எனக்கே தெரியாது. அன்னிக்கும் கத்துனேன். அதுக்கப்புறம் அந்தப் பேரு என் வாயில வரலக்கா. வருதான்னு தனியா ஒக்காந்து பாத்துட்டேன். வர மாட்டேங்குது. சுடுகாட்டுல கல்லு வைக்கல. அவன் பேரு எழுதியிருக்கிற எடம் இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான். அதப் போய் நீ..."

அப்பா தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் மாப்பிள்ள, பழைய சின்னங்கள அழிச்சிட்டுத்தான் புதுவாழ்வு..."

"பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடைன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் அம்மா. "அவனே பேசிக்கிட்டு இருக்கான். நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன். பேரு போகலடா. நங்கூரம்தான் போச்சு. நானே நிறுத்திட்டேன். சாப்பிடு."

மாமா தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கிறவரை அம்மா எதிரில் குந்தியே இருந்தாள்.

கல்யாணம் தை மாதம், ஒரு சின்ன மண்டபத்தில். ஐயர் இல்லை, மாலை மாற்றுவதுதான். அப்பா தலைமை தாங்கிப் பேசினார். அத்தைக்கு அம்மா தைத்த ரவிக்கை முழங்கை வரைக்கும். அதற்குக் கீழே வெள்ளைத் துணிக்கட்டு. புண் இன்னும் ஆறவில்லை. நல்லெண்ணெய்யும் மல்லிகையும் கலந்து அத்தைமேல் ஒரு வாசனை.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அப்பா மறுமணத்தின் மாண்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பின்வரிசையில் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். "கைய ஏன் மூடி வெச்சிருக்காங்க? பெருநோயோ?" "அதான் ரெண்டாங் கல்யாணம்னு தள்ளி விட்டுட்டாங்க." பந்தியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்தது. நேராக மேடைக்கு ஏறினாள். அப்பா பேச்சை நிறுத்தினார். அத்தையின் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்தாள். சுற்றுச் சுற்றாகத் துணி வந்துகொண்டே இருந்தது. மண்டபமே பார்த்தது.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றாள் அம்மா. மேடையில் அவள் பேசியது வாழ்க்கையில் அது ஒன்றுதான். "புண்ணு நான் வெச்சது. பேரு அவ புருசன் வெச்சது. நோய் ஒண்ணும் கெடையாது. சாப்பாடு தயாரா இருக்கு."

அப்பா ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, "என் துணைவியார் கூறியதை நான் வழிமொழிகிறேன்," என்றார். கைதட்டல் கிடைத்தது. அப்பாவுக்குத்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் பயம் போகவில்லை. கை தப்பியது, அவ்வளவுதான். மேலே போனதும் யார் வந்து கூட்டிப்போவார் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. அரிசி களையும்போது திடீரென்று நின்று யோசிப்பாள். எனக்குத் தெரியும், தம்பியைத்தான் அங்கே தனியாக நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் அத்தைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று செம்பவாங் லைன் வீட்டுக்கு எல்லாரும் போனோம். பெயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாமா அப்பாவிடம் விட்டிருந்தார். அப்பா சுத்தத் தமிழில், வாய்க்கு வாகான ஒரு பெயரை யோசித்து, அச்சகத்தில் தானே எழுத்துக் கோர்த்து, சர்க்கரைப் பொட்டலத்தோடு கொடுக்க அட்டை அட்டையாக அடித்து எடுத்து வந்திருந்தார். புது அட்டை, மசி வாசனை, ஓரத்தில் பூங்கொடி.

சடங்கு வேண்டாம் என்றாலும் ஒன்றை அப்பாவால் நிறுத்த முடியவில்லை. பிள்ளையின் காதில் பெயரை முதலில் சொல்வது அத்தை முறைக்காரி. பிள்ளைக்கு அத்தை எங்கள் அம்மா. அப்பா ஓர் அட்டையை அவளிடம் நீட்டினார், படிக்கத் தெரியாதவளிடம். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு புடவைத் தொட்டிலுக்குள் குனிந்தாள்.

சொன்னாள், மூன்று தடவை. காதில் சொல்வதை ஊரே கேட்கிற மாதிரி சொன்னாள். அட்டையில் இருந்த பெயர் இல்லை. அத்தை கையில் இருந்த பெயர்.

அப்பா அட்டைக் கட்டோடு அப்படியே நின்றார். "இது... அந்தப் பையன் பேரு இல்ல?"

"ஆமா."

"அக்கா, அல்பாயுசுல போனவரு பேரப் போய்ப் பச்சப்புள்ளைக்கு..." என்று பால்காரர் மனைவி இழுத்தாள்.

"நெருப்புன்னா வாய் வெந்துருமா?" என்றாள் அம்மா. பிறகு அத்தையிடம், மற்றவர்கள் இல்லாதது போலச் சொன்னாள்: "எனக்கு அழிக்கத் தெரியல. அதான் ஆள மாத்திட்டேன். இனிமே ஒங்கையில இருக்கிறது ஒம்மகன் பேரு. மகன் பேரோட வர்றவள மேலயும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எந்தம்பி வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

தரையில் உட்கார்ந்திருந்த அத்தை அம்மாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

பெயர் வைத்தபின் ஒவ்வொருவராகத் தொட்டிலுக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் வைக்க வேண்டும். அப்பா சொன்னார், கொஞ்சம் வருத்தத்தோடு. நான் சொன்னேன். மாமா முறை வந்தது. அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் எங்கேயோ கப்பல் சங்கு ஊதியது. மாமா தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கயிறு பிடிக்கிறவனுக்குக் கேட்க வேண்டுமே, அந்தக் குரலில் கூப்பிட்டார். லைன் வீடுகளில் நாலைந்து கதவுகள் திறந்தன. தொட்டிலில் பிள்ளை திடுக்கிட்டுக் கையைக் காலை உதைத்து அழுதது. மாமா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரை அதன் மூக்கில் ஊற்றிவிட்டார்.

கடைசியாக அத்தை. எல்லாரும் காத்திருந்தோம். பெற்றவள் கூப்பிட வேண்டும். ஆனால் எப்படிக் கூப்பிடுவாள்? அவள் பிள்ளையைத் தூக்கித் துடைத்தாள். அதன் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கனமான அந்தக் குரல் மெல்லியதாக வந்தது.

"வாங்க," என்றாள் பிள்ளையிடம்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வீடே சிரித்தது. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. அவள் கடைசிவரைக்கும் அந்தப் பிள்ளையை "வாங்க, சாப்பிடுங்க, ஏன் பரீச்சையில கோட்ட விட்டீங்க" என்றுதான் கூப்பிட்டாள்.

"பாத்தியா அக்கா, இந்த வீட்ல மரியாத யாருக்குன்னு," என்றார் மாமா.

"அவன் ஒனக்கு முன்னாடி வந்தவன்டா," என்றாள் அம்மா.

"ஆமாக்கா," என்று மாமா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.